அண்டாக்கள் குடியிருந்த வீடு

வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்தவனிடம் "எப்போ வந்திய" என்று எங்கள் தெருவில் யாரும் கேட்பதில்லை. "எப்போ பயணம்" என்றுதான் கேட்பார்கள். வந்தது கண்ணுக்குத் தெரிகிறது, அதைக் கேட்டு என்ன ஆகப்போகிறது. போவதுதான் தெரிய வேண்டும். இத்தனை வருஷமாக எனக்கும் அது தப்பாகப் படவில்லை. சட்டைப் பையில் திரும்பிப் போகும் டிக்கெட் இருந்தது. தேதியைச் சொல்லிவிட்டு நடந்துகொண்டிருந்தேன்.

இந்த முறை டிக்கெட் இல்லை. கேன்சலில் வந்துவிட்டோம். நான் வேலை பார்த்த இரும்புச் சாமான் கடையை முதலாளி இன்னொருவருக்குக் கைமாற்றினார். புதியவருக்கு என் வயதில் ஒரு ஆள் தேவைப்படவில்லை. விசாவை ரத்து செய்து, நானும் மனைவியும் ஒன்பதாம் வகுப்பு முடித்த மகளுமாகத் திருவனந்தபுரத்தில் வந்து இறங்கினோம். ரிஸ்கை, அன்றாடம் உண்ணும் உணவை, அளப்பவன் அல்லாஹ். அங்கே அளந்தவன் இங்கேயும் அளப்பான் என்று நான் தைரியமாகத்தான் இருந்தேன்.

என்னைவிடத் தைரியமாக இருந்தவள் என் மனைவி. வேலை போன அன்று நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் சொன்னது இதுதான்: "போகட்டும். எனக்கு என் அடுப்பாங்கரை கெடைக்கும்லா."

அது சும்மா சொன்ன ஆறுதல் இல்லை. அங்கே நாங்கள் இருந்தது மூன்று குடும்பங்கள் பங்கு போட்ட வீடு. எங்களுக்கு ஒரு அறை, அதிலும் நடுவே பார்டிஷன் என்று ஒரு பலகைத் தடுப்பு. அடுப்படி எல்லோருக்கும் பொது. விடியற்காலை சுபுஹுக்குப் பிறகு கொஞ்ச நேரம், அந்தி மஃரிபுக்குப் பிறகு கொஞ்ச நேரம் என்று அவளுக்கு முறை. முறை முடிந்துவிட்டால் குழம்பு பாதி கொதியில் இருந்தாலும் இறக்கிவிட வேண்டும். மகள் தவழ்ந்த காலத்திலிருந்து அவள் ஒரு குழம்பைக்கூட முழுதாகச் சுண்ட வைத்ததில்லை. ஊரில் நமக்கென்று ஒரு வீடு இருக்கிறது, அதில் ஒரு அடுப்படி இருக்கிறது, அதற்கு ஒரு கதவு இருக்கிறது என்ற நினைப்பில்தான் அவள் அத்தனை வருஷமும் மற்றவர்களின் பாத்திரத்தை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தாள்.

வீடு இருந்தது உண்மைதான். பாளையங்கோட்டையிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும் பாதையில் இருக்கிற எங்கள் ஊரில், போனிலேயே பேசிப் பேசி நான் கட்டிய வீடு. கட்டி முடித்துப் பூட்டிப் போட்டோம். லீவில் வந்தால் பாதி நாள் உடன்குடியில் அவள் உம்மா வீடு, மீதி நாள் என் அக்கா, லாத்தா வீட்டு விருந்து. எங்கள் வீட்டைத் திறந்து பார்த்து, சந்தோஷப்பட்டு, மறுபடி பூட்டிவிட்டுப் போவோம். கடைசியாக வந்தும் சில வருஷம் ஆகியிருந்தது.

இடையில் ஒரு காரியம் நடந்தது. ஜமாஅத் செயலாளர், உரக்கடை வைத்திருப்பவர், அண்ணன் முறையில் எங்களுக்குக் காக்கா, ஒரு நாள் எனக்குப் போன் போட்டார். பள்ளிவாசல் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, நோன்புக் கஞ்சி அதில் சரியாக வருவதில்லை, உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் சர்க்கரையாக இருக்கிறது, பூட்டிக் கிடக்கிற வீட்டு முற்றத்தில் கஞ்சி காய்ச்சிக்கொள்ளட்டுமா என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தனையோ வீடு இருக்க, என் வீட்டைக் கேட்கிறார்கள். பக்கத்தில் நின்ற என் மனைவியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "குடுத்திருங்க. அல்லாஹ்வுக்காகத்தான" என்றாள். குடுத்தோம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நோன்புக்கும் அங்கே இஃப்தாருக்கு உட்காரும்போது, ஊரிலிருந்து வந்த படத்தைப் பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டுவேன். புகைக்கு நடுவில் அண்டா தெரியும். "இது என் வீட்டு முற்றம்" என்பேன். ஊர் முழுக்க அந்தக் கஞ்சியில் நோன்பு திறந்தது. நாங்கள்தான் ஒரு வருஷமும் குடித்ததில்லை.

நாங்கள் வந்து சேர்ந்தபோது நோன்புக்கு ஒரு மாதத்துக்கும் குறைவாகவே இருந்தது. பக்கத்துத் தெருவில் இருக்கும் என் லாத்தாதான் சாவி வைத்திருந்தாள், அவளே வந்து கதவைத் திறந்தாள். என் மனைவி பிஸ்மி சொல்லி வலது காலை உள்ளே வைத்தாள். அடுத்த காலை வைக்க இடம் இல்லை.

நடு வீட்டில் மூன்று பெரிய அண்டாக்கள் கவிழ்ந்து கிடந்தன. அவற்றின் மேல் சுருட்டிய பாய்கள். ஷோகேஸில் சாய்ந்தபடி கஞ்சி கிண்டும் ஆள் உயரத் துடுப்புகள். அடுப்படிக்குள் மேடை தெரியாமல் பிளாஸ்டிக் கோப்பை அடுக்கு, பூண்டுச் சாக்கு, வெந்தயத் தகரம். முற்றத்தில் மூன்று அடுப்புகளைச் சிமெண்டு பூசி நிரந்தரமாகவே கட்டிவிட்டிருந்தார்கள். விறகு வண்டி வர வசதியாகக் காம்பவுண்டு சுவரை உடைத்து ஒரு சின்ன கேட்டும் போட்டாகிவிட்டது. தெருப் பக்கச் சுவரில் பச்சை எழுத்தில், "கஞ்சி வாங்குபவர்கள் வரிசையில் வரவும்."

"எல்லாம் பள்ளிச் சாமான்" என்றாள் லாத்தா. "வாரா வாரம் பெருக்கித்தான் வச்சிருக்கோம். நீங்க மாடி ரூம்ல படுத்துக்கிடுங்க. லீவு எத்தன மாசம்?"

"லீவு இல்ல லாத்தா. போன்லயே சொன்னேன்லா, கேன்சல்ல வாறோம்னு."

"சொன்ன, சொன்ன. எல்லாரும்தான் சொல்லுதாக. நோன்பு வரைக்குமாவது இருப்பிய, இல்லையா?"

மகள் அண்டாவைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தாள். "வாப்பா, இங்கயும் நமக்குப் பார்டிஷன்தானா?"

அவள் உம்மா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம், நாங்கள் கொண்டுவந்த அட்டைப் பெட்டிகளைப் பிரிக்கலாம் என்று நான் கத்தியை எடுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுகள என் வீட்டுலதான் பிரிப்பேன்."

"இதுதான நம்ம வீடு."

"அண்டா வீடு இது. இங்க பாருங்க, நான் சண்டைக்குச் சொல்லல. முதல் பிறை தெரியதுக்குள்ள இந்த அடுப்பாங்கரை எனக்கு வரணும். வரல்லன்னா நானும் பிள்ளையும் உடன்குடிக்குப் போயிருதோம். நீங்க அண்டாவோட இருந்துக்கிடுங்க."

சொன்னால் செய்கிறவள். பெட்டிகள் ஒட்டிய டேப்போடு மாடி ஏறின. பாத்திரமெல்லாம் அதற்குள் இருந்ததால், சாப்பாட்டை லாத்தா வீட்டிலிருந்து வாங்கி வந்து, பள்ளிவாசலின் கஞ்சிக் கோப்பையில் சாப்பிட்டோம். ஊர் நோன்பு திறக்கும் கோப்பையில் நோன்பு வருவதற்கு முன்பே நாங்கள் சோறு தின்றுகொண்டிருந்தோம்.

மறுநாள் உரக்கடைக்குப் போனேன். காக்கா எழுந்து நின்று கையைப் பிடித்து முஸாஃபஹா செய்தார். டீக்குச் சொன்னார்.

"எத்தன மாசம்?"

"கேன்சல்ல வந்துட்டேன் காக்கா."

"அப்படியா, நல்லது நல்லது. உங்களுக்கு மேக்கால வீட்டுக்காரரும் கேன்சல்லதான் வந்தாரு. ரெண்டு பெருநாளு தாங்கல, மறுபடி விமானம் ஏறிட்டாரு. இங்கன உக்காந்து என்ன செய்ய." டீயை என் பக்கம் தள்ளினார். "உங்களப் பத்தித்தான் நேத்துப் பேசிக்கிட்டு இருந்தோம். பெண்களுக்கு நோன்பு ராத்திரியில தராவீஹ் தொழ இடம் இல்ல. உங்க மொட்ட மாடி சும்மாத்தான கெடக்கு."

அடுப்படியைத் திருப்பிக் கேட்கத்தான் போனேன். வாயைத் திறந்தால் கேட்பது எதை என்று நினைத்துப் பார்த்தேன். அல்லாஹ்வுக்கென்று கொடுத்ததை. அதுவும் நோன்பு மாதம் வரும் நேரத்தில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "என்ன சொன்னாக?"

"மாடியையும் கேக்காக."

"நீங்க என்ன சொன்னிய?"

"இன்ஷா அல்லாஹ்ன்னேன்."

அவள் மாடிக்குப் போனாள். கீழே வரும்போது கையில் உடன்குடிக்குப் போகும் பை இருந்தது. அதைக் கதவோரம் வைத்துவிட்டு மதிய லுஹர் தொழப் போனாள். அந்தப் பை அங்கேயே நின்றது. உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் என் காலில் தட்டியது.

யாரிடம் போய்க் கேட்பது. பள்ளிவாசலில் தொழ வைக்கும் ஹஜ்ரத்திடம் போனேன். வெளியூர்க்காரர், என்னைவிட வயதில் சின்னவர். பிற்பகல் அஸருக்குப் பிறகு, கைகால் கழுவும் ஹவுலுத் தொட்டி ஓரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். அல்லாஹ்வுக்காகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் பாவமா என்று கேட்டேன்.

"நீங்க வீட்ட வக்ஃபு செஞ்சு, பள்ளிக்கே எழுதிக் குடுத்தீங்களா?"

"இல்ல ஹஜ்ரத். காய்ச்சிக்கிடுங்கன்னு வாயால சொன்னேன்."

"அப்போ அது இரவல். இரவல் குடுத்தவருக்குத் தேவை வந்தா திருப்பிக் கேக்கலாம். இதுவரைக்கும் கெடச்ச நன்மை எங்கயும் போகாது. கேக்கதுக்கு நாக்குதான் வேணும்." இப்படிச் சொல்லிவிட்டு வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். "நான் சொன்னேன்னு மட்டும் கமிட்டில சொல்லிராதிய. நானும் அவங்க குடுத்த வீட்டுலதான் இருக்கேன்."

மார்க்கம் என் பக்கம் இருக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. உடனே காக்காவிடம் போயிருக்கலாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கேட்பதுதான் முறை என்று ஒத்தி வைத்தேன். ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டமாக இருந்தது. கூட்டத்தில் கேட்டால் அவருக்குச் சங்கடம் என்று மறுபடி ஒத்தி வைத்தேன். நல்ல காரியத்துக்கு நல்ல நேரம் பார்க்கத்தானே வேண்டும்.

நான் நேரம் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில்தான் பண்டாரி வந்தார். வருஷா வருஷம் கஞ்சி காய்ச்சுகிறவர். விறகு இறக்க வேண்டும், அடுப்பு வெடித்திருந்தால் பூச வேண்டும் என்று பார்க்க வந்தவர், சின்ன கேட்டைத் திறந்துகொண்டு நேரே முற்றத்துக்கு வந்துவிட்டார். நான் மாடியில் இருந்தேன். என் மனைவி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றபடி பேசியது எனக்கு மேலே கேட்டது.

"அண்ணன், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"இந்தச் சாக்கும் கோப்பையும் எப்போ எடுப்பிய? எனக்கு இங்கன சோறாக்கணும்."

பண்டாரி கேட்டார்: "நீங்க ஆக்குவியளா? லீவுல வந்தவக யாரும் ஆக்க மாட்டாகளே. எல்லாம் கடையில வாங்குததுதான."

"நாங்க லீவுல வரல அண்ணன்."

"அப்போ இங்கனதான் இருக்கப் போறிய."

"இங்கனதான். மௌத்தாகிக் கண்ண மூடுத வரைக்கும்."

"அடுப்பு கேக்கீகன்னா நெசமாத்தான் இருக்கும்" என்றார் அவர். விறகு வண்டிக்காரனைக் கூப்பிட்டு, "ஏலே, எறக்காத. வண்டியத் திருப்பு" என்று சொன்னது வரை கேட்டது.

நான் உள்ளூர்க்காரனாகிவிட்டேன் என்பதை நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தேன், யாரும் நம்பவில்லை. என் மனைவி அடுப்பைக் கேட்டாள் என்ற செய்தி அன்று இரவு இஷாத் தொழுகைக்குள் ஊரைச் சுற்றி வந்துவிட்டது. தொழுகை முடிந்து வெளியே வந்தபோது காக்கா என்னைக் கையைப் பிடித்து நிறுத்தினார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தம்பி. பண்டாரி சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

"சொல்லத்தான் வந்தேன் காக்கா."

"வந்திய, டீ குடிச்சிய, இன்ஷா அல்லாஹ்ன்னிய. சரி, விடுங்க. நன்மைய யாரும் இப்படித் திருப்பி அனுப்பி நான் பாத்ததில்ல." அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை, என்மேல் பரிதாபம்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறைத்தது.

அங்கேயே நின்று, எங்கள் வீட்டிலிருந்து மேற்கே மூன்றாவதாக இருக்கும் பூட்டிய வீட்டுக்காரருக்குப் போன் போட்டார். அவர் குடும்பத்தோடு கடல் தாண்டி இருக்கிறார். போனை ஸ்பீக்கரில் வைத்தார். விஷயத்தைச் சொன்னதும் அவர் அழுகிற குரலில், "அல்ஹம்துலில்லாஹ். எத்தனையோ வீடு இருக்க என் வீட்டையா கேக்கிய" என்றார். அவருக்குப் பின்னால் ஒரு பெண் குரல், மெதுவாக, ஆனால் தெளிவாகக் கேட்டது: "குடுத்திருங்க. அல்லாஹ்வுக்காகத்தான."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை அப்படியே சொன்னேன். அந்தப் பெண் குரல் வரும் இடத்தில் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று பார்த்தேன். "பாவம், அந்தப் பிள்ள" என்றாள். "அதுக்கும் ஒரு அடுப்பாங்கரை இருக்கும்லா."

மறுநாள் ஆட்கள் வந்து அண்டாக்களை உருட்டிக்கொண்டு போனார்கள். துடுப்பு, பாய், கோப்பை, பூண்டு எல்லாம் போனது. போகும்போது ஒருவன், "நல்ல வீடு, இப்போ வெறிச்சுன்னு போச்சு" என்றான். சிமெண்டு அடுப்புகள் மட்டும் பெயர்க்க முடியாமல் நின்றுவிட்டன. என் மனைவி அதன்மேல் துணி காயப் போட்டாள். அன்று சாயங்காலம் பெட்டிகளின் டேப்பை அவளே கிழித்தாள். உம்மா வீட்டுக் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு அந்த அடுப்படியில் முதல் காப்பி வைத்தாள். யாருக்கும் முறை விட வேண்டியதில்லை என்பதால் சட்டியை அடுப்பிலேயே வைத்துவிட்டு அஸர் தொழப் போய்விட்டாள். காப்பி பாதியாகச் சுண்டிவிட்டது. கசந்தது. நான் குடித்தேன். உடன்குடிப் பையை அவள் எடுத்து மேலே வைத்தது கண்ணில் பட்ட பிறகு கசப்பு அவ்வளவாகத் தெரியவில்லை.

முதல் நோன்பு வந்தது. அஸருக்குப் பிறகு எங்கள் வாசலில் கூட்டம். பழக்கத்தில் எல்லோரும் தூக்குச்சட்டியோடு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். சுவரில் எழுத்து வேறு இருக்கிறதே. மகள் வெளியே போய், சுண்ணாம்பை எடுத்து அந்தப் பச்சை எழுத்துக்குக் கீழே ஒரு அம்புக்குறி போட்டுவிட்டு வந்தாள்.

"நீங்களும் போயி வாங்கிட்டு வாங்க" என்று மனைவி என் கையில் ஒரு தூக்குச்சட்டியைக் கொடுத்தாள். "வீட்டக் குடுத்தப்போ நமக்குக் கஞ்சி கெடைக்கல. இப்போவாவது குடிப்போம்."

வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் திரும்பிப் பார்த்து, "எப்போ பயணம்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்டா பக்கத்திலிருந்து பண்டாரி சத்தம் கொடுத்தார்: "சட்டி தூக்கிட்டு நிக்காருல்லா. பயணம் போறவரு இங்க எதுக்கு நிக்காரு?" ஒரு அகப்பை ஊற்றி, அதே அளவில் இரண்டாவது தடவையும் ஊற்றினார். வருஷக்கணக்கில் விட்டுப்போனதுக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மஃரிப் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் கடித்து, கஞ்சியை வாயில் வைத்தோம். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உப்பு. அரிசியும் பருப்பும் தனித்தனியாக நின்றன, தேங்காய்ப்பால் திரிந்திருந்தது. அந்த மூன்றாவது வீட்டுத் தண்ணீர் பள்ளிவாசல் தண்ணீரைவிட மோசம் என்பது அண்டா கொதித்த பிறகுதான் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தராவீஹுக்குப் போனபோது ஒருவரும் என்னைத் திட்டவில்லை. கஞ்சி எப்படி என்று ஒவ்வொருவராக என்னிடம் வந்து அன்பாக விசாரித்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும், "உங்க வீட்டுக் கஞ்சின்னா அது ஒரு தனி ருசி வே" என்று பெருமூச்சு விட்டார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். வாயில்லாத நோன்பாளிகள் எல்லாம் உப்புக் கஞ்சி குடிப்பது என்னால்தான் என்று மனசு அடித்துக்கொண்டது. மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டே இருந்தாள். கழுவிய தண்ணீரைக் கையில் அள்ளி ஒரு வாய் குடித்துப் பார்த்தாள்.

"மேக்கால இருக்க வீடுகள்ல யாரும் இல்லலா?"

"ரெண்டும் பூட்டித்தான் கெடக்கு."

"அப்போ தண்ணி ட்யூப்ப அவுக சுவர் மேல போட்டா அந்த வீட்டு அண்டா வரைக்கும் போகும்லா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"தண்ணி போகட்டும்" என்றாள். "தண்ணிய யாரு வேண்டாம்னா. அண்டாதான் வரக் கூடாது."

காக்காவிடம் நானே போய்ச் சொன்னேன். இதைச் சொல்ல நாக்கு ஒட்டவில்லை. அவர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். நன்மை திரும்பி வந்துவிட்டதே என்றார்.

எங்கள் வீட்டில் ட்யூப் மாட்டத் தோதாக இருந்த ஒரே குழாய் அடுப்படிக்குள் இருப்பதுதான். அதனால் அது ஜன்னல் வழியாக வெளியேறி, காம்பவுண்டு ஏறி, பூட்டிய இரண்டு வீடுகளைத் தாண்டிப் போய் அண்டாவில் விழுகிறது. லுஹருக்குப் பிறகு பண்டாரி தெருவிலிருந்து குரல் கொடுப்பார். என் மனைவி குழாயைத் திறப்பாள். அந்த நேரம் முழுக்க அடுப்படி ஜன்னலைச் சாத்த முடியாது, ஊர் விறகுப் புகையெல்லாம் அதன் வழியாக உள்ளே வரும். அவள் இருமிக்கொண்டே தன் குழம்பைக் கிண்டிக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூட முணுமுணுத்ததில்லை.

அண்டா நிறைந்துவிட்டது என்று மறுபடி குரல் வரும். குழாயை மூடுவாள். ட்யூப்பை இழுத்து வெளியே போடுவாள். பிறகு ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போடுவாள். அந்தச் சத்தம் கூடத்தில் குர்ஆன் ஓதிக்கொண்டிருக்கும் எனக்குக் கேட்கும். தேவைக்கு மேல் கொஞ்சம் அழுத்தித்தான் போடுகிறாள்.